குளிசைகளின் குடும்பம்

நாட்பட்ட நோயுடையார் இல்லத்து மருந்துப் பெட்டி ஒரு கூட்டுக் குடும்பத்தை ஒக்கும். தைரொயிட் குறைபாட்டிற்கான தைரொக்சின், பெரிய மாமி. விடியலில், வெறும் வயிற்றில், தனித்தே எழுந்தருள்வார். கல்சியக் குளிசை 4 மணி நேரம் ஒதுங்கி நிற்றல் வேண்டும். இன்றேல் மாமியை உடலிற் சேரவிடாது. நீரிழிவுக்குரிய மெற்போமின் சம்பந்தியைப் போன்றது. உணவோடு உபசரித்தால் வயிற்றிற் கலகம் குறையும். சிறுநீரைப் பெருக்கும் குளிசையை இரவில் அழைத்தால் உறக்கம் வெளியேறிவிடும்.

இப்பிணக்குகளைக் கண்டு நகைப்போர்க்கு நேரமும் முறையும் நினைவில் நிற்கும். மனச்சுமையும் சிறிது இறங்கும். ஆனால், சலிப்புற்று ஒரு மருந்தைத் தாமே தள்ளிவிடுதல் நகைப்புக்குரியதன்று. குடும்பத்தினர் யாவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். எவருக்கு விடைகொடுக்கலாம் என்பதை அவரே தீர்மானிப்பார்.