மால்ட்டா: இருவராகச் சென்று பார்க்க ஒரு தீவு நாடு

சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு நாடு மால்ட்டா. மால்ட்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். பழைமையான இடங்களை நின்று நிதானமாகப் பார்க்க விரும்பும் தம்பதியருக்கு இந்தச் சிறிய அளவு பெரிய வசதி. தங்கும் விடுதியை மாற்றாமலேயே ஒரு வாரத்தில் ஐயாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் பார்த்துவிடலாம். தலைநகர் வல்லெட்டாவில் தங்குவது நல்லது. நகரின் வாசலுக்கு வெளியே இருக்கும் நிலையத்திலிருந்து தீவின் பெரும்பாலான ஊர்களுக்குப் பேருந்து கிடைக்கிறது. ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் வழி கேட்பதில் சிரமம் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் கூட்டமும் அதிகம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் உகந்த காலம்.

பயணத் திட்டம் ஹல் சஃப்லியேனி நிலவறையிலிருந்து தொடங்க வேண்டும். பவோலா என்ற ஊரில், வீடுகளுக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையை மூன்று அடுக்குகளாகக் குடைந்து அமைத்த இடுகாடு இது. கி.மு. 4000 முதல் கி.மு. 2500 வரை பயன்பாட்டில் இருந்தது. 1902இல் கட்டட வேலையின்போது தற்செயலாக வெளிப்பட்டது. ஏறத்தாழ 7,000 பேரின் எச்சங்கள் இங்கே இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். உலோகக் கருவிகள் இல்லாத காலத்தில், தரைக்கு மேலே எழுப்பிய கோயில்களின் தூண்களையும் வாசல்களையும் பாறைக்குள்ளேயே செதுக்கியிருக்கிறார்கள். கூரையில் செங்காவியால் தீட்டிய சுருள் கோலங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. மனிதர் விடும் மூச்சுக்காற்றே இந்த ஓவியங்களுக்குக் கேடு என்பதால், ஒரு நேரத்தில் பத்துப் பேர் அளவிலான சிறு குழுவைத்தான் உள்ளே விடுகிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. நுழைவுச்சீட்டு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். எனவே முதலில் இந்தச் சீட்டைப் பதிவு செய்து, அந்தத் தேதியைச் சுற்றியே மற்ற ஏற்பாடுகளைச் செய்வது புத்திசாலித்தனம். இங்கே கிடைத்த, உறங்கும் பெண்ணின் சிறிய சுடுமண் உருவத்தை வல்லெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காணலாம்.

தெற்குக் கடலோரத்தில் ஹாஜார் இம், இம்னைட்ரா என்ற இரண்டு பெருங்கற்காலக் கோயில்கள் அருகருகே இருக்கின்றன. இம்னைட்ராவின் ஒரு வாசல், சம இரவு நாளில் காலைக் கதிர் நேராக உள்ளே பாயும்படி அமைந்திருக்கிறது.

தீவின் பழைய தலைநகர் இம்தினா. குன்றின் மேல், மதிலுக்குள் இருக்கும் இந்த ஊரில் வண்டிப் போக்குவரத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. பகல்நேரக் கூட்டம் கலைந்த பிறகு, மாலையில் போவதே சிறப்பு.

வல்லெட்டா ஒரு போரின் விளைவாகப் பிறந்த நகரம். ரோட்ஸ் தீவை ஒட்டோமான் பேரரசிடம் இழந்த புனித ஜான் வீரத்துறவிகள் 1530இல் மால்ட்டாவைப் பெற்றார்கள். அதற்கு அவர்கள் செலுத்த வேண்டிய ஆண்டுக் கப்பம் ஒரு வல்லூறு. 1565இல் ஒட்டோமான் படை ஏறக்குறைய நான்கு மாதம் தீவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டே வீரத்துறவிகளின் தலைவர் லா வலெத் புதிய கோட்டை நகருக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரே நகருக்கு நிலைத்தது.

இந்த நகரில் ஓர் இடத்தை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், அது புனித ஜான் இணைப் பேராலயமாக இருக்க வேண்டும். வெளியே எளிமையான கல் முகப்பு. உள்ளே பொன் வேலைப்பாடு, தரை முழுவதும் வீரத்துறவிகளின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். பளிங்கைக் கீறிவிடும் என்பதால் கூர்மையான குதிகால் கொண்ட காலணிகளுக்கு அனுமதி இல்லை. பக்கத்துச் செபக்கூடத்தில், சுவரை நிறைத்து நிற்கிறது ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலை வெட்டும் காட்சி. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இதுதான். அந்தக் கையொப்பமும் யோவானின் கழுத்திலிருந்து வழியும் குருதியில் எழுதப்பட்டிருக்கிறது. ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி வந்தவர் கரவாஜியோ. இங்கே வீரத்துறவி ஆனார். சில மாதங்களிலேயே ஒரு தகராறில் சிறைப்பட்டுத் தப்பினார். அவரைச் சபையிலிருந்து நீக்கும் சடங்கு இதே செபக்கூடத்தில் நடந்தது. இந்த ஓவியத்தின் முன் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும்.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிர்குதான் 1565 முற்றுகையைத் தாங்கிய ஊர். படகில் சில நிமிடங்களில் போய்விடலாம். அங்கிருந்து பார்த்தால்தான் வல்லெட்டாவின் கோட்டைச் சுவர் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

கோசோவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். சிர்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடப் பயணம். அங்குள்ள ஜிகாந்தியா கோயில்கள் எகிப்தின் கீசா பிரமிடுகளுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. சில கற்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமானவை. ஓர் அரக்கி சுமந்து வந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை. பழைய பயணப் படங்களில் காணும் நீலச் சாளரப் பாறை வளைவு 2017 மார்ச்சில் புயலில் கடலுக்குள் சரிந்துவிட்டது. அதைத் தேடிப் போக வேண்டாம்.

நாட்கள் குறைவாக இருந்தால் கொமினோவின் நீலக் கடற்கழியை விட்டுவிடலாம். நீர் அழகானதுதான், ஆனால் கோடையில் படகுகளும் கூட்டமும் அதை மறைத்துவிடுகின்றன. அந்த நாளை இம்தினாவுக்கும் பிர்குவுக்கும் கொடுப்பது மேல். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா பெற்றே மால்ட்டா செல்ல வேண்டும்.