இன்ஜின் ஏன் இறுகுகிறது?

சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரே சத்தம்; அதற்கு மேல் அசைவில்லை. “இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு” என்கிறார் மெக்கானிக். உள்ளே நடந்தது என்ன?

ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஆயில் வற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசி, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். ரேடியேட்டர் வறண்டாலும் இதே கதிதான்: அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிந்து, சிலிண்டருக்குள் இறுகிவிடும். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே புகுந்த தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

அவசரப்பட்டு இன்ஜினை இறக்கச் சொல்லிவிடக் கூடாது. முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் திருப்பிப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றியதும் சுழன்றால், மாட்டிக்கொண்டது ஏ.சி. கம்ப்ரஸராகவோ ஆல்டர்னேட்டராகவோ இருக்கலாம். பெருஞ்செலவு மிச்சம்!

உண்மையிலேயே இறுகியிருந்தால், பழைய இன்ஜின் வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். சென்னை புதுப்பேட்டை அதற்குப் பேர்போன இடம். கம்ப்ரஷன் அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் மூன்றையும் வெளியில் இருக்கும்போதே மாற்றுவது நல்லது. பொருத்திய பிறகு கை நுழையாது, கூலியும் இரட்டிப்பாகும்.

விற்பவரிடம் ரசீதும் இன்ஜின் எண்ணுக்கான ஆவணமும் கேட்டு வாங்குங்கள். புதிய எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும்.