சேய் கொண்டுவரும் ஒற்றை எண்

லினக்ஸ் பழகத் தொடங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கும் இந்த அனுபவம் வாய்த்துவிடுகிறது. தினமும் ஒரே ஃபோல்டருக்குப் போக நீளமான பாதையைத் தட்டித் தட்டி அலுத்துப்போய், அந்தக் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வைப்போம். ஒரே வரிதான்: ஃபோல்டர் மாற்றும் சிடி, பக்கத்தில் ஃபோல்டரின் பாதை. சேமித்து, இயக்க அனுமதி கொடுத்து, ஓட்டிப் பார்ப்போம். பிழைச் செய்தி ஏதும் வராது. ஆனால் டெர்மினல் நின்ற இடத்திலேயே நிற்கும். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. மறுபடி ஓட்டினாலும் அதே கதைதான்.

எனக்கு இது நடந்தபோது காரணம் சொல்ல அருகில் ஆள் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, டென்னிஸ் ரிட்சி 1979இல் சிட்னியில் நடந்த ஒரு மாநாட்டுக்காக எழுதிய கட்டுரையைப் படித்தேன். உடம்பு சிலிர்த்தது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைப் படைத்தவர்களே இதே இடத்தில் திகைத்து நின்றிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் பெல் ஆய்வகம் இருந்தது. 1969இல் கென் தாம்சனும் ரிட்சியும் அங்கே பிடிபி-7 என்ற கணினியில் யூனிக்ஸைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் நினைவகம் இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. அவ்வளவு நெருக்கடியான இடத்தில், நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஷெல் எப்படி வேலை செய்தது தெரியுமா? கட்டளை வந்ததும் அதற்குரிய நிரலைத் தேடியெடுத்து, தன் மேலேயே அதை ஏற்றி எழுதச் செய்துவிட்டு ஷெல் மறைந்துபோகும். அந்த நிரல் தன் வேலையை முடித்ததும், வட்டிலிருந்து புதிய ஷெல் ஒன்று வந்து அந்த இடத்தில் உட்காரும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு மரணம், ஒரு மறுபிறப்பு.

பிறகுதான் ஃபோர்க் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ப்ராசஸ் என்பார்கள். ஒரு ப்ராசஸ் தன்னைப்போலவே இன்னொன்றை அச்சு அசலாகப் படியெடுத்துக்கொள்ளும் வித்தைதான் ஃபோர்க். படியெடுத்தது தாய், பிறந்தது சேய். இந்த யோசனை பெர்க்லியில் உருவான ஒரு கணினி அமைப்பில் முன்பே இருந்தது. பிடிபி-7இல் இதற்குத் தேவைப்பட்டது அசெம்பிளி மொழியில் மிகச் சரியாக 27 வரிகள் என்று ரிட்சி எண்ணிச் சொல்கிறார். உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் இன்றும் நம்பி நிற்கும் ஏற்பாட்டுக்கு 27 வரிகள்!

ஃபோர்க்கின் துணைவன் எக்ஸெக். நம் கதைகளில் சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள்; உயிர் அதேதான், உடல் மாறும். எக்ஸெக்கில் இது தலைகீழ். ப்ராசஸ் என்ற உடல் அப்படியே இருக்கும், அதன் அடையாள எண்ணும் மாறாது, உள்ளே இருக்கும் நிரல் மட்டும் மாறிவிடும். நீங்கள் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய கோப்பை, ஓட்டும்போதும், அந்த ஸ்கிரிப்ட் இன்னொன்றைக் கூப்பிடும்போதும் நடப்பது இந்த இரண்டும்தான். ஷெல் ஒரு சேயைப் பெறுகிறது, சேய்க்குள் புது உயிர் புகுகிறது, தாய் காத்திருக்கிறது.

ஃபோர்க் வந்த மகிழ்ச்சியில் இருந்தவர்கள் திடீரென்று ஒன்றைக் கவனித்தார்கள். ஃபோல்டர் மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை. அதுவரை ஒழுங்காக இயங்கியது, அதை யாரும் தொடவும் இல்லை. நிரல்வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். கடைசியில்தான் உண்மை பிடிபட்டது. கட்டளை தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது. புதிதாகப் பிறந்த சேய், தான் நிற்கும் ஃபோல்டரை மாற்றிக்கொண்டு, அடுத்த நொடி இறந்துவிட்டது. தாய் நின்ற இடத்திலேயே நின்றது. வேறு வழியில்லாமல் அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள்.

அடுத்த சிக்கல் வெளியே தெரியக் கொஞ்சகாலம் பிடித்தது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஓட்டிப் பார்த்தபோதுதான் அது முகம் காட்டியது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஒரு வரி, யார் யார் கணினியில் இருக்கிறார்கள் என்று சொல்லும் ஹூ இன்னொரு வரி. இரண்டின் விடையும் ஒரே கோப்பில் போய்ச் சேர வேண்டும். ஓட்டினால் ஹூவின் விடை மட்டும் முழுதாக இருந்தது. எல்எஸ் எழுதியது அழிந்திருந்தது. ஏன்? எழுதும் கோப்பில் எந்த இடம்வரை வந்திருக்கிறோம் என்ற அடையாளத்தை ஒவ்வொரு ப்ராசஸும் தன்னிடமே வைத்திருந்தது. முதல் சேய் எழுதி முடித்து, அடையாளத்தோடு சேர்ந்து மறைந்தது. தாய் ஒரு எழுத்துகூட எழுதாததால் அதன் அடையாளம் இன்னும் பூஜ்யத்திலேயே இருந்தது. இரண்டாவது சேய் அந்தப் பூஜ்யத்தைப் படியெடுத்துக்கொண்டு போய், முதல் பக்கத்திலிருந்தே எழுதியது. அந்த அடையாளங்களை ப்ராசஸ்களிடமிருந்து எடுத்து, தாயும் சேயும் சேர்ந்து பார்க்கும் பொதுவான ஓர் அட்டவணையில் வைத்தபிறகே சிக்கல் தீர்ந்தது. ஒரு ஸ்கிரிப்டுக்குள் ஐந்து ஸ்கிரிப்டுகள் ஓடி, ஒரே கோப்பில் வரிசை தப்பாமல் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அழிந்த பட்டியல் ஞாபகம் வரும்.

ஆக, தாயிடமிருந்து சேய்க்குப் போவது ஏராளம்: நிற்கும் ஃபோல்டர், திறந்திருக்கும் கோப்புகள், எக்ஸ்போர்ட் செய்த மாறிகள். மாறிகளை இப்படிக் கொடுத்தனுப்பும் வழக்கம், ஸ்டீவன் போர்ன் எழுதி 1979இல் வெளியான ஷெல்லோடு பரவியது. ஆனால் பொது அட்டவணையில் இருக்கும் அந்தக் கோப்பு அடையாளங்களைத் தவிர, போவதெல்லாம் நகல். வீட்டுக் கணக்கு நோட்டை நகலெடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால், அவன் அதில் என்ன கிறுக்கினாலும் பீரோவில் இருக்கும் நோட்டு மாறாது.

நிற்கும் ஃபோல்டரும் தாயிடமிருந்தே வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஸ்கிரிப்டைப் புள்ளியும் சாய்கோடும் போட்டுக் கூப்பிட்டால், அந்தப் புள்ளி குறிப்பது ஸ்கிரிப்ட் குடியிருக்கும் வீட்டை அல்ல. கூப்பிட்டவர் நிற்கும் தெருவை. பகலில் கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடியது, இரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் ஓட்டும்போது கோப்பைக் காணோம் என்று நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, சேயிடமிருந்து தாய்க்கு என்ன திரும்புகிறது? கோப்பிலோ திரையிலோ எழுதியதை விட்டுவிட்டால், ஒற்றை எண். 0 முதல் 255 வரை ஏதோ ஒன்று. பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் தோல்வியின் வகைகள். 127 வந்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பொருள். 126 வந்தால் கோப்பு இருக்கிறது, ஓட்ட முடியவில்லை. வெற்றிக்கு ஒரு முகம் போதும், தோல்விக்குத்தான் பல முகம் வேண்டும் என்பதால் பூஜ்யத்தை வெற்றிக்குக் கொடுத்தது அழகான முடிவு.

அந்த எண்ணுக்கு எட்டு பிட்தான் இடம். எத்தனை கோப்புகளில் பிழை கண்டோம் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையே திருப்பி அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிப் பாருங்கள். 255 பிழை வரை சரியாகச் சொல்லும். 256 பிழை வந்தால், எண் சுற்றிவந்து பூஜ்யமாகிவிடும். எல்லாம் நலம் என்று தாய் நம்பிவிடும்!

இதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த எண்ணைத் தாய் கேட்காமலே போவது. ஷெல் இயல்பாக எதையும் விசாரிப்பதில்லை. முதல் வரியில் கூப்பிட்ட ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தாலும் இரண்டாவது வரிக்குப் போய்விடும். ஓர் அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்தேன்: தரவுகளை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட், அடுத்து பழைய நகல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட், இரண்டையும் கூப்பிடும் தாய் ஸ்கிரிப்ட் ஒன்று. வட்டில் இடம் இல்லாமல் முதலாவது தோற்றது. இரண்டாவது தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. காலையில் பழைய நகலும் இல்லை, புதிய நகலும் இல்லை. இரண்டு வரிகளையும் && என்ற குறியால் இணைத்திருந்தால், முதலாவது பூஜ்யம் கொண்டுவந்தால் மட்டுமே இரண்டாவது தொடங்கியிருக்கும்.

சேயைப் பெறாமலே இன்னொரு ஸ்கிரிப்டை ஓட்ட ஒரு வழி உண்டு. கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி. பாஷ் ஷெல்லில் புள்ளிக்குப் பதில் சோர்ஸ் என்றும் எழுதலாம். இப்போது தாயே அந்தக் கோப்பை எடுத்து, சொந்த வரிகளைப்போல ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யும். நம் ஒற்றை வரி சிடி ஸ்கிரிப்டை இப்படி ஓட்டினால் டெர்மினல் நிஜமாகவே இடம் மாறும். கூடவே ஆபத்தும் வரும். அந்தக் கோப்பில் எக்ஸிட் என்று ஒரு வரி இருந்தால் மூடிக்கொள்வது உங்கள் டெர்மினல்தான். உங்கள் மாறிகளின் பெயரையே அதுவும் வைத்திருந்தால் மதிப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும். அமைப்புகளையும் பொதுவான செயற்கூறுகளையும் ஏற்றப் புள்ளியை வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றுக்கும் தாய்க்கும் சேய்க்கும் நடுவே சுவர் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஆப்பிளின் மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் பின் ஃபோல்டரைத் திறந்தால், சிடி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். யூனிக்ஸ் தரவிதிகள் சில கட்டளைகள் தனிக் கோப்பாகவும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதால் வைத்திருக்கிறார்கள். முழுப் பாதையையும் கொடுத்து அதை ஓட்டினால் ஒரு சேய் பிறக்கும், கேட்ட ஃபோல்டருக்குப் போகும், பூஜ்யத்தைத் தாயிடம் கொடுத்துவிட்டு மறையும். உங்கள் டெர்மினல், பிடிபி-7இன் முன்னால் அன்றைக்கு அவர்கள் பார்த்ததுபோலவே, நின்ற இடத்தில் நிற்கும்.