மெய்நிகர் கணினிக்கு வன்பொருள் அளவுகளை வகுத்தல்

கேரள மாநிலத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவுகள் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்திலிருந்து அறிவிக்கப்படுகின்றன. 2024-ஆம் ஆண்டில் இத்தேர்வை எழுதிய மாணவர்கள் 4,27,000-க்கு மேற்பட்டவர். மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளின் வாயிலாகப் பயின்ற இம்மாணவர்கள் மே 8-ஆம் நாள் பிற்பகலில் ஏறக்குறைய ஒரே வேளையில் தத்தம் முடிவை நாடினர். ஆண்டின் பெரும்பகுதியில் வேலை குறைவாக உள்ள கணினிகள், அந்தச் சில நிமிடங்களில் மாபெரும் சுமையைத் தாங்க வேண்டியவையாகின்றன.

இவ்வாறு ஏறி இறங்கும் வேலைக்கு மேகக் கணினிச் சேவை மிகவும் பொருத்தமானது. பள்ளிக் கல்வித் துறையின் தொழில்நுட்பப் பணிகளை ஆற்றும் 'கைட்' நிறுவனம் தேர்வு முடிவுகளுக்கெனத் தனித் தளத்தை இச்சேவையின் துணைகொண்டு நடத்தி வந்துள்ளது. ஆயினும், இச்சேவையைப் பெறும் அலுவலகம் எதுவாயினும் முதலில் ஒரு வினாவிற்கு விடை கூற வேண்டும். எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எவ்வளவு சேமிப்பிடம் தேவை என்பதே அவ்வினா. இதற்கு ஊகத்தால் விடை கூறுதல் தவறு. கணக்கிட்டே கூற வேண்டும்.

மெய்நிகர் கணினி என்பது யாது?

பெரிய கணினியொன்றின் வன்பொருளை ஹைப்பர்வைசர் எனப்படும் மென்பொருள் பல பங்குகளாகப் பிரித்தளிக்கின்றது. ஒவ்வொரு பங்கும் தனக்கெனச் செயலி, நினைவகம், தட்டு, வலையமைப்பு ஆகியவற்றை உடைய தனிக் கணினியைப் போலவே இயங்கும். இதுவே மெய்நிகர் கணினி எனப்படும்.

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களில் இதனை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கினர், 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரில் அது விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. 2006-இல் அமேசான் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை மணிக் கணக்கில் வாடகைக்கு அளிக்கத் தொடங்கியபோது, 1.75 ஜிகாபைட் நினைவகமும் 160 ஜிகாபைட் தட்டும் உடைய ஒரே அளவுதான் கிடைத்தது. பெரிய அளவுகள் 2007-இல் வந்தன. அளவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அன்று முதல் பயனாளரைச் சேர்ந்தது. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையத்தின் 'மேகராஜ்' சேவை 2014-இல் தொடங்கப்பெற்றது. திருவனந்தபுரத்தில் பாளையத்திலும் டெக்னோபார்க்கிலும் அமைந்த மாநிலத் தரவு மையங்கள் அரசுத் துறைகளுக்கு உதவி வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த அலுவலகத்திலும் அளந்து பெற்றவை அல்ல. 4,27,000 மாணவர்களும் முதல் கால் மணி நேரத்தில், அதாவது 900 விநாடிகளில், ஒரு முறை முடிவைப் பார்க்கின்றனர் எனக் கொள்க. அப்போது விநாடிக்குச் சுமார் 474 வேண்டுகோள்கள் வரும். இதனை 500 எனக் கொள்ளலாம்.

செயலி: ஒரு வேண்டுகோளுக்கு விடையளிக்க 20 மில்லி விநாடி செயலி நேரம் ஆகுமெனில், 500 வேண்டுகோள்களுக்கு விநாடி ஒன்றில் 10 செயலி விநாடிகள் வேண்டும். எனவே 10 செயலிகள் இடைவிடாது உழைக்க வேண்டும். ஆனால் செயலி முழு வேலையில் இருக்குமாயின், வேண்டுகோள்கள் வரிசையில் தேங்கும். ஆகையால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் விட்டு, 16 செயலிகள் எனக் கொள்வது தக்கது. இவற்றை ஒரே கணினியில் வைப்பதைவிட, 4 செயலிகள் உடைய நான்கு கணினிகளாகப் பகிர்ந்து வைத்தல் நன்று. அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் எஞ்சிய 12 செயலிகள் வேலையைத் தாங்கும்.

நினைவகம்: ஒவ்வொரு கணினியிலும் இயக்க முறைமைக்கு 1 ஜிகாபைட் வேண்டும். 150 மெகாபைட் கொள்ளும் 16 பணி நிரல்களுக்கு 2.4 ஜிகாபைட் ஆகும். மாணவர் ஒருவரின் முடிவு 2 கிலோபைட் எனில், அனைவரின் முடிவுகளும் 0.85 ஜிகாபைட்டில் அடங்கும். இவற்றின் கூட்டுத்தொகை 4.25 ஜிகாபைட். எனவே அடுத்த அளவான 8 ஜிகாபைட்டைக் கேட்க வேண்டும்.

தட்டு: முடிவுகள் முழுவதும் நினைவகத்திலேயே அடங்கிவிடுவதால், இவ்வேலைக்கு மிக வேகமான தட்டு அவசியமில்லை. இதனை அறியாதார் விலையுயர்ந்த தட்டைக் கேட்டுப் பணத்தை வீணாக்குவர்.

வலையமைப்பு: பக்கம் ஒன்று 50 கிலோபைட் எனில், விநாடிக்கு 25 மெகாபைட், அதாவது 200 மெகாபிட் வெளிச்செல்லும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 500 என்பது சராசரியே. முதல் நிமிடத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு வேண்டுகோள்கள் வருமாயின், 10 செயலிகளின் இடத்தில் 50 செயலிகள் முழுமையாக உழைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாணவரின் பக்கத்தையும் முன்னரே ஆயத்தம் செய்து வைத்து, 20 மில்லி விநாடி வேலையை 2 மில்லி விநாடியாகக் குறைத்தால், 5 செயலிகளின் உழைப்பே போதும். வன்பொருளைப் பெருக்கு முன் வேலையைச் சுருக்க இயலுமா என ஆராய்வது சிறந்த சிக்கனமாகும்.

குறைவும் மிகையும்

நினைவகம் போதாதபோது இயக்க முறைமை அதன் ஒரு பகுதியைத் தட்டுக்கு மாற்றும். நினைவகத்தைப் படிக்க ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். சுழலும் தட்டைப் படிக்க நூற்றில் ஒரு பங்கு ஆகலாம். இவ்வேறுபாடு இலட்சம் மடங்காகும். இந்நிலையில் செயலிகளைக் கூட்டுவதால் பயன் இல்லை.

மிகையாகக் கேட்பதும் தீங்கே. மெய்நிகர் செயலி என்பது பெரும்பாலும் மெய்ச் செயலியின் ஒரு பங்கேயாம். எல்லாரும் தேவைக்கு மேல் கேட்டால், ஹைப்பர்வைசர் ஒருவரைக் காத்திருக்கச் செய்து மற்றவருக்கு முறை அளிக்கும். லினக்ஸில் 'டாப்' என்னும் ஆணை காட்டும் 'எஸ்.டி.' என்ற எண் இக்காத்திருப்பின் அளவாகும். அது தொடர்ந்து உயர்ந்திருந்தால் குறை பயனாளரின் நிரலில் இல்லை. சேவை அளிப்போரிடம் தெரிவிக்க வேண்டும்.

பணத்தையும் கருத வேண்டும். நான்கு கணினிகளை ஆண்டு முழுவதும் இயக்கினால் 35,040 கணினி மணி நேரம் ஆகும். ஒன்றை ஆண்டு முழுவதும், எஞ்சிய மூன்றை மூன்று நாட்கள் மட்டும் இயக்கினால் 8,976 மணி நேரமே ஆகும். செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது பொதுமக்களின் பணம் என்பதை மறத்தலாகாது.

அளவுகளை மாற்றும் முறை

முதலில் நடப்பு நிலையை ஒரு வாரமேனும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றத்திற்கு முன் கணினியின் நகலைச் சேமித்தல் அவசியம். செயலி, நினைவகம் ஆகியவற்றை மாற்றப் பெரும்பாலான சேவைகளில் கணினியை நிறுத்தித் திரும்ப இயக்க வேண்டும். ஆதலால் இதனைத் தேர்வு முடிவு நாளன்று செய்யலாகாது. தட்டைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது கடினம். எனவே சிறிய அளவில் தொடங்கி வளர்ப்பதே நலம். ஒரு முறைக்கு ஓர் அளவை மட்டும் மாற்றினால்தான் பலன் எதனால் விளைந்தது என்பது விளங்கும். இறுதியாக, செயற்கைச் சுமையை ஏற்றிச் சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க பரிசோதனை

8 ஜிகாபைட் நினைவகமுள்ள பள்ளிக் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, அதனுள் எளிய லினக்ஸ் ஒன்றை அமைக்க வேண்டும். நினைவகத்தை 1, 2, 4 ஜிகாபைட் என மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே பெரிய ஆவணத்தைத் திறக்க ஆகும் நேரத்தை மாணவர்கள் கடிகாரத்தால் அளந்து வரைபடமாக்கலாம். வரைகோடு முதலில் விரைந்து இறங்கி, பின்னர் ஏறக்குறைய மட்டமாவதைப் பெரும்பாலும் காணலாம். கோடு மட்டமாகும் இடமே அவ்வேலைக்கு ஏற்ற அளவாகும். அதற்கு முன் நிறுத்தினால் காத்திருப்போருக்குத் துன்பம். அதற்கு அப்பால் சென்றால் செலவு வீண்.