பண்டிகை நாட்களில் அறியாமல் உண்பதையும் தேவைக்கு மேல் வாங்குவதையும் தவிர்ப்பது எப்படி?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும்

பசி இல்லாதபோதும் அளவை உணராமலும் உண்பதே கவனமற்ற உண்ணுதல் ஆகும். பண்டிகை நாளில் இலையில் வைத்து ருசித்து உண்ணும் ஒரு துண்டு இனிப்பை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பலகாரம் சுடும்போது பதம் பார்த்ததும், சம்படத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் எடுத்த கைப்பிடி முறுக்கும், குழந்தை மிச்சம் வைத்ததும் நினைவில் நிற்பதில்லை. பெரும்பாலும் இவையே இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன.

“ஒரு நாள்தானே” என்பது உண்மையா?

தீபாவளிப் பலகாரம் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே வீட்டில் தயாராகிவிடுகிறது; தீர்வதற்கு மேலும் பல நாட்கள் ஆகின்றன. நெல்லையில் ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசை, தசரா, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கல் என ஆண்டு முழுவதும் விழாக்கள் உண்டு. எனவே “ஒரு நாள்” என்பது பல வாரங்களாக நீள்கிறது.

அல்வாவைப் பற்றி

கோதுமையை ஊறவைத்து அரைத்து எடுத்த பாலைச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுவதே திருநெல்வேலி அல்வா. மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் இதில் செறிந்துள்ளன. மெல்ல வேண்டிய தேவை இல்லாததால் விரைவாக உள்ளே சென்றுவிடுகிறது. வயிறு நிறைந்த உணர்வு தோன்றச் சுமார் 20 நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் கால் கிலோப் பொட்டலம் தீர்ந்துவிடக்கூடும்.

நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்பவருக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்குள், அதாவது சுமார் 12 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் தங்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டும். கருப்பட்டியில் செய்த பலகாரமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். அதைத் தடையின்றி உண்ணலாம் என்பது தவறான நம்பிக்கை.

கடைக்குச் செல்லும் முன்

• பசியுடன் செல்லாதீர்கள். ரத வீதிகளிலோ சந்திப்பிலோ நெய் மணம் வரும்போது வெறும் வயிறே முடிவு செய்யும்.
• பொருளை மட்டுமன்றி அளவையும் வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உறவினருக்குக் கொடுக்க வேண்டியதை ஆள்கணக்கில் வாங்குங்கள்.
• ஒரு கிலோ வாங்கினால் விலை குறைவு எனக் கூறப்பட்டால், “இதை யார், எந்த நாளுக்குள் உண்பார்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை இல்லையெனில் வாங்க வேண்டாம்.
• வீட்டினர் சுவைப்பதற்கு நூறு கிராம் போதுமானதெனில் அவ்வளவே நிறுத்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டில்

• பலகாரங்களை மூடிய அலமாரியில் வையுங்கள். கண்ணெதிரே இருப்பதையே கை தேடும்.
• சம்படத்திலிருந்து நேராக உண்ணாமல், சிறு தட்டில் எடுத்துவைத்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து உண்ணுங்கள்.
• இனிப்பைத் தனியே வெறும் வயிற்றில் உண்ணாமல் உணவின் இறுதியில் சிறிதளவு உண்ணுங்கள். அவ்வேளையில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்.
• மிக்சர், காராச்சேவு, ஊறுகாய் ஆகியவற்றில் உள்ள உப்பு தாகத்தைத் தூண்டி, உடலில் நீர் தேங்கச் செய்யும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இதய நோயாளிகளும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

பராமரிப்பவர்களுக்கு

விருந்தினர் முன்னிலையில் நோயாளியைக் கண்டிக்காதீர்கள். கண்டிக்கப்படுபவர் மறைவாக உண்ணத் தொடங்குகிறார். பின்னர் அளவை ஒருவரும் அறிய முடிவதில்லை. எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதை முன்னதாக அவருடன் பேசி முடிவு செய்யுங்கள். “எனக்காக ஒரு வாய்” என்று வற்புறுத்துவோரிடம் அவருக்காக நீங்களே பணிவாக மறுத்துக் கூறலாம்.

இதை ஒருபோதும் செய்யாதீர்கள்

இனிப்பு உண்பதற்காக மற்ற வேளை உணவைக் கைவிடுவதும், மாத்திரையைத் தாமாகவே கூட்டுவதும் ஆபத்தானவை. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இதனால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். நினைவுடன் இருந்து விழுங்க முடிந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். இதற்கு அல்வா ஏற்றதன்று. அதிலுள்ள நெய், சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அளவு உயரவில்லையெனில் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவ ஆலோசனை

பண்டிகைக்கு முன்பே மாத்திரைகள் கைவசம் உள்ளனவா எனப் பாருங்கள். சர்க்கரை அளவு தொடர்ந்து உயர்ந்திருத்தல், கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் விடுமுறை முடியும்வரை காத்திராதீர்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் 108-ஐயும், பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கலாம்.