வீட்டுத் தொலைபேசியில் பதியும் குரல்கள்

தொலைபேசி மணி ஒலிக்கும்போது வீட்டில் எவரும் இல்லாதிருப்பது அன்றாடம் நிகழும் விடயமே. ஆனால் அழைத்தவர் யார், என்ன சொல்ல விரும்பினார் என்பது தெரியாமற் போவது சில வேளைகளில் பெரும் இழப்பாகி விடுகின்றது. இந்தக் குறையை நீக்குவதற்கென உருவானதே தானியங்கிப் பதிலளிப்புக் கருவி. ஆன்ஸரிங் மெஷின் என்ற பெயரிலேயே எமது மக்கள் அதனை அறிவர். கையடக்கத் தொலைபேசி எல்லோர் கைகளிலும் இருக்கும் இக்காலத்தில் இப்படியொரு கருவி வீட்டுக்குத் தேவைதானா என்ற கேள்வி எழுவது இயல்பு. தேவை என்பதே எமது கருத்து. ஆயினும் அதன் இயல்பை அறிந்து பாவித்தால் மட்டுமே பயன் கிட்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

இக்கருவியின் வரலாறு பலரும் நினைப்பதைவிட நீண்டது. தொலைபேசிக்கு அலெக்ஸாண்டர் கிரஹம் பெல் காப்புரிமை பெற்றது 1876 இல். அதற்கு 22 ஆண்டுகளின் பின்னர், 1898 இல், டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பௌல்சன் உருக்குக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதிவு செய்யும் கருவியொன்றை உருவாக்கினார். ஆளில்லாத வேளையில் வரும் தொலைபேசிச் செய்திகளைப் பதிந்து வைப்பது அவரது நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. 1900 ஆம் ஆண்டின் பரிஸ் உலகக் கண்காட்சியில் அக்கருவி வைக்கப்பட்டபோது ஒஸ்ரிய - ஹங்கேரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரல் அதில் பதியப்பட்டது. இன்றுவரை எஞ்சியுள்ள மிகப் பழைய காந்த ஒலிப்பதிவு அதுவே. பின்னாளில் வீடுகளை வந்தடைந்த ஒலிநாடாக்களும் கசெட்டுகளும் இந்தக் கம்பியின் வழித்தோன்றல்களே.

இவ்வளவு முன்னதாகத் தோன்றிய கருவி வீடுகளுக்கு வர ஏன் முக்கால் நூற்றாண்டு சென்றது? தொழில்நுட்பக் குறைபாடு மட்டும் அதற்குக் காரணமன்று. 1934 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பொறியியலாளர் காந்த நாடாவில் இயங்கும் பதிலளிப்புக் கருவியொன்றைச் செய்து முடித்திருந்தார். ஆயினும் அதன் தாய் நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி. அதனைச் சந்தைக்கு விடவில்லை. பேச்சு பதிவாகக்கூடும் என்றறிந்தால் மக்கள் தொலைபேசியில் மனம்விட்டுப் பேச அஞ்சுவர், அதனால் வருமானம் குறையும் என்று அந்நிறுவனம் கருதியது. தனது கம்பிகளில் பிறரது கருவிகளை இணைப்பதையும் அது நெடுங்காலம் தடுத்து வந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 1968 இல் வழங்கிய கார்ட்டர்ஃபோன் தீர்ப்பே இந்தக் கதவைத் திறந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாடாவில் இயங்கும் கருவிகள் மேலை நாட்டு வீடுகளில் பெருகின. தொண்ணூறுகளில் டிஜிட்டல் கருவிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

டிஜிட்டல் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிமையாகப் பார்ப்போம். அழைப்பு வரும்போது தொலைபேசி நிலையம் கம்பி வழியே மணி மின்னோட்டத்தை அனுப்புகின்றது. கருவி அந்த மணிகளை எண்ணிக்கொண்டே இருக்கும். நாம் குறித்து வைத்த எண்ணிக்கை வந்ததும், வாங்கியைத் தூக்கினால் எவ்வாறு இணைப்பு ஏற்படுமோ அவ்வாறே இணைப்பை ஏற்படுத்திக் கொள்கின்றது. எதிர்முனையில் இருப்பது மனிதரா இயந்திரமா என்பது நிலையத்துக்குத் தெரியாது. எனவே அந்தக் கணத்திலிருந்தே அழைத்தவருக்குக் கட்டணம் தொடங்கிவிடும். பின்னர் நாம் பதிந்து வைத்த வரவேற்புரை ஒலிக்கும், அதன் முடிவில் ஒரு 'பீப்' ஓசை எழும், அழைத்தவரின் பேச்சு பதிவாகத் தொடங்கும்.

பழைய கருவி அந்தப் பேச்சை நாடாவில் காந்தக் கோலமாக எழுதியது. டிஜிட்டல் கருவியோ அதனை எண்களாக மாற்றுகின்றது. தொலைபேசியில் செல்லும் குரலின் அதிர்வெண் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையானது. இக்குரல் வழக்கமாகச் செக்கனுக்கு 8,000 தடவைகள் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்களால் குறிக்கப்படுகின்றது. அவ்வாறாயின் ஒரு நிமிடப் பேச்சுக்கு 480,000 பைட் இடம் வேண்டும். இதனை எட்டிலொரு பங்காகச் சுருக்கினால் 60,000 பைட் போதும். இவ்வாறு சுருக்கப்பட்ட எண்கள், மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகச் சில்லில் தங்குகின்றன. வீட்டுப் பாவனைக்கான கருவிகள் பல 15 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரையிலான பேச்சைத் தாங்குவதற்கு இதுவே காரணம்.

இதனால் கிட்டிய நன்மைகள் சில. நாடா அறுவதில்லை, சிக்குவதில்லை. ஐந்தாவது செய்தியைக் கேட்க முதல் நான்கையும் ஓடவிட வேண்டியதில்லை. நடுவிலுள்ள ஒரு செய்தியை மட்டும் அழித்து ஏனையவற்றை வைத்திருக்கலாம். ஒவ்வொரு செய்தியும் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் கருவியே சொல்லும். குறையும் இல்லாமலில்லை. அதிகம் சுருக்கப்பட்ட குரல் சற்றுக் கரகரப்பாக, தகரத்தில் பேசுவது போல ஒலிக்கும். தர அளவைத் தெரிவு செய்யும் வசதி இருந்தால், நிமிடங்கள் குறைந்தாலும் பரவாயில்லை என்று உயர்ந்த தரத்தையே தெரிவு செய்வது நல்லது.

பலரும் கவனியாத ஒரு வசதியையும் இங்கு குறிப்பிட வேண்டும். வெளியிடத்திலிருந்து எமது வீட்டுக்கே அழைத்து, இரகசிய இலக்கத்தை அழுத்திச் செய்திகளைக் கேட்க முடியும். அழைப்புக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் வழியும் இதில் உண்டு. புதிய செய்தி இருந்தால் இரண்டாவது மணியிலும், இல்லையேல் நான்காவது மணியிலும் பதிலளிக்குமாறு சில கருவிகளை ஒழுங்கு செய்யலாம். வெளியிலிருந்து அழைப்பவர் மூன்றாவது மணியைக் கேட்டதும் புதிய செய்தி ஏதுமில்லை என்று அறிந்து வாங்கியை வைத்துவிடலாம். இணைப்பு ஏற்படாததால் கட்டணமும் இல்லை.

ஆனால் வசதி இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கின்றது. வீட்டுக் கருவிகள் பலவற்றில் இந்த இரகசிய இலக்கம் இரண்டே இரண்டு எண்களைக் கொண்டது. 00 முதல் 99 வரை எண்ணினால் மொத்தம் நூறு வாய்ப்புகளே உள்ளன. அதனையும் மாற்றாமல், தொழிற்சாலையில் இட்டு அனுப்பிய இலக்கத்தையே வைத்திருப்போர் பலர். பிரித்தானியாவில் 1843 இல் தொடங்கப்பட்ட 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' வாரப் பத்திரிகை 2011 ஜூலை 10 ஆம் திகதியுடன் மூடப்பட்டதன் பின்னணி இங்கு நினைவுகூரத்தக்கது. பிறரது கையடக்கத் தொலைபேசிக் குரல் அஞ்சல்களைத் திருட்டுத்தனமாகக் கேட்டமையே அதன் வீழ்ச்சிக்குக் காரணமாகியது. கொலையுண்ட பாடசாலை மாணவி ஒருவரின் குரல் அஞ்சலும் அதிலிருந்து தப்பவில்லை. இதற்குப் பெரிய தொழில்நுட்பத் திறன் தேவைப்படவில்லை. உரியவர்கள் மாற்றாது விட்டிருந்த ஆரம்ப இரகசிய இலக்கங்களே வழி திறந்து கொடுத்தன. ஆகவே கருவியை வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த இலக்கத்தை மாற்றுவதே. வெளியிலிருந்து கேட்கும் தேவை இல்லையென்றால் அந்த வசதியையே நிறுத்தி விடலாம்.

வரவேற்புரையிலும் கவனம் வேண்டும். "நாங்கள் ஊரில் இல்லை, அடுத்த வாரமே திரும்புவோம்" என்று பதிந்து வைப்பது திருடனுக்கு அழைப்பிதழ் அனுப்புவதற்கு ஒப்பானது. "இப்போது தொலைபேசிக்கு வர முடியவில்லை, உங்கள் பெயரையும் இலக்கத்தையும் கூறுங்கள்" என்பதே போதும். வணக்கத்துடனோ ஸலாத்துடனோ தொடங்கி, அழைப்பவருக்கு விளங்கும் மொழியில், பத்துச் செக்கன்களுக்குள் முடிப்பது நல்லது. நீண்ட பீடிகையும் பாட்டும் இசையும் அழைப்பவரின் பணத்தையே கரைக்கின்றன.

செய்தி பதிவாகும்போதே ஒலிபெருக்கி வழியாக அதனை வீட்டிலுள்ளோர் கேட்க முடியும். அழைப்பவர் இன்னாரென அறிந்த பின் வாங்கியை எடுக்கலாம் என்பது இதிலுள்ள பெரும் அனுகூலம். வங்கியிலிருந்து பேசுவதாகவும் பரிசு விழுந்திருப்பதாகவும் கூறி முதியவர்களை ஏமாற்றும் கூட்டத்தினர் பெருகியுள்ள இந்நாளில், தனித்து வாழும் பெற்றோருக்கு இது ஒரு காவற்காரனாகின்றது. தமது பெயரையும் குரலையும் பதிவில் விட்டுச் செல்ல மோசடிக்காரர்கள் பொதுவாக விரும்புவதில்லை. அதேவேளை இந்த ஒலிபெருக்கி இரகசியத்தையும் பகிரங்கமாக்கும். வைத்தியப் பரிசோதனையின் முடிவு, திருமணப் பேச்சு, கடன் விவகாரம் போன்றவற்றை விருந்தினர் நிறைந்த கூடத்தில் கருவி உரத்துச் சொன்னால் ஏற்படும் சங்கடத்தை விபரிக்க வேண்டியதில்லை. ஒலியைக் குறைத்து வைப்பது உரியவரின் பொறுப்பு. விபரத்தைத் தவிர்த்து, திரும்ப அழைக்குமாறு மட்டும் கேட்பது அழைப்பவரின் பொறுப்பு.

எமது சமூகங்களில் இயந்திரத்துடன் பேசுவதற்கு ஒரு தயக்கம் நெடுநாளாக இருந்து வருகின்றது. போரினாலும் இடப்பெயர்வினாலும் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பரிஸுக்கும் சென்ற தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரும், மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோரின் குடும்பத்தினரும் தொலைபேசியைச் சுற்றியே தமது உறவை வைத்திருந்தனர். கொமியூனிகேஷன் நிலையத்தில் வரிசையில் நின்று பணம் கட்டி அழைத்த தாய்க்கு, மறுமுனையில் ஆங்கிலத்தில் ஒலித்த இயந்திரக் குரல் பெரும் ஏமாற்றமே. பேசாமல் வைத்தாலும் கட்டணம் கட்டணந்தான். "தம்பி, அம்மா கதைக்கிறன், நாங்கள் சுகம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பணம் வீணாகியிராது, வேலை முடிந்து இரவில் வீடு திரும்பிய மகனும் நிம்மதியாக உறங்கியிருப்பான்.

இத்தனைக்கும் பதிவு செய்த குரல் எமக்குப் புதியதன்று. எழுதப் படிக்க இயலாதோரும் கடிதத்தில் மனம் நிறையாதோரும் கசெட்டில் பேசி அனுப்பிய காலமொன்று இருந்தது. சவூதியிலிருந்து வந்த கசெட்டைச் சுற்றி உம்மாவும் பிள்ளைகளும் அமர்ந்து வாப்பாவின் குரலைக் கேட்டனர். மறுபுறத்தில் தம் குரலைப் பதிந்து திருப்பி அனுப்பினர். பதிலளிப்புக் கருவியில் இடும் செய்தியும் அத்தகையதே, அளவில் மட்டுமே சிறியது.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறோம். 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதி நியூயோர்க் வர்த்தக மைய மாடிகளில் சிக்கியவர்களும் கடத்தப்பட்ட விமானங்களில் இருந்தவர்களும் வீட்டுக்கு அழைத்தபோது, அவற்றுட் சில அழைப்புகளை ஏற்றவை பதிலளிப்புக் கருவிகளே. உறவினரிடம் எஞ்சிய கடைசிச் சொற்கள் அந்தச் சிறு பெட்டிகளில் இருந்தன. அவற்றுட் சில 2014 இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் இன்று பேணப்படுகின்றன. பதிவானபோது அவை குடும்பங்களுக்கிடையிலான சில வரிகள். இன்று அவை வரலாற்று ஆவணங்கள்.

எமது நாட்டிலோ போரிலும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையிலும் இறந்தவர்களையும் காணாமற் போனவர்களையும் நினைவுகூரும் குடும்பங்கள் பலவற்றின் கையில் எஞ்சியிருப்பது ஒரு புகைப்படம் மட்டுமே. முகம் சுவரில் தொங்குகின்றது, குரலோ எங்கும் இல்லை. குரல் பதிவொன்று எஞ்சியிருக்கும் வீடு பேறு பெற்ற வீடாகும். ஆனால் அப்படியொன்று தம்மிடம் இருப்பதை அறியாமலே அதனைத் தொலைத்து விடுவோர் உளர். எல்லாச் செய்திகளையும் ஒரே அழுத்தலில் அழிக்கும் பொத்தான் பெரும்பாலும் கேட்கும் பொத்தானுக்கு அருகிலேயே இருக்கின்றது. பழைய கருவிகள் சிலவற்றில் செய்திகளைக் காப்பது ஒரு சிறு பற்றரியே. அது செயலிழந்திருக்கும் வேளையில் மின்சாரமும் நின்றால் யாவும் போய்விடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. தொலைபேசி நிறுவனத்தின் குரல் அஞ்சலில் உள்ளவையும் நிலையானவையல்ல. சேவையோ முறைமையோ மாறும்போது அவை அழிந்து போகலாம். கையடக்கத் தொலைபேசியில் வந்த குரற் செய்திகளுக்கும் இது பொருந்தும். கருவி தொலைந்தால், பிரதி இல்லாத குரலும் தொலைந்தது.

தீர்வு கடினமானதன்று. வயது முதிர்ந்த பெற்றோரின் செய்தியொன்று கருவியில் இருந்தால் அதனை அழிப்பதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். கருவியை ஒலிக்கவிட்டு, கையடக்கத் தொலைபேசியின் ஒலிப்பதிவு வசதியைத் திறந்து அருகில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி விட்டால் பதிவு தெளிவாக இருக்கும். அதனைக் கணினியிலும் வேறொரு நினைவுச் சாதனத்திலுமாக இரண்டு இடங்களில் சேமியுங்கள். பேசியவர் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள். பத்து நிமிட வேலை இது.

பதிலளிப்புக் கருவி இல்லாத வீடுகளும் இதனைச் செய்யலாம். இன்று உயிருடனிருக்கும் மூத்தோரின் குரலைப் பதிவதற்கு அவர்கள் தவறவிடும் அழைப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிவித்து, அவர்களின் சம்மதத்துடனேயே அதனைச் செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகிறோம். வீட்டுத் தொலைபேசி இன்னமும் மணியடிக்கும் இல்லங்களிலுள்ள வாசகர்கள், கருவி இருந்தால் இன்றே அதன் இரகசிய இலக்கத்தை மாற்றுங்கள். சேமித்த செய்திகளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அழிப்பதா வைப்பதா என்பதை அதன் பிறகு தீர்மானியுங்கள்.