ஏரிக்கரைக் கூடாரவாசம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறையாக இருப்பதாலும், அதற்கு மறுநாளே பள்ளிக்கூடங்கள் திறந்துவிடுவதாலும், குளிர்காலம் வெகுதூரத்தில் இல்லை என்பது சகலருக்கும் தெரிந்த விஷயமாதலாலும், அந்த வாரக்கடைசியில் டொராண்டோவாசிகள் ஏராளமானோர் ஊரில் தங்க மனமில்லாமல் காரின் கூரைமேல் படகைக் கட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களில் பலர் போய்ச் சேருமிடம், சுமார் மூன்று மணி நேரப் பிரயாண தூரத்திலுள்ள அல்கோன்குவின் மாகாணப் பூங்கா. ஸ்கார்பரோவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் அவருடைய மனைவியும் வருஷந்தோறும் தவறாமல் அங்கே போய்க் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டதையும், வேறொரு சமயம் நானே அந்தக் கரையில் தங்கிக் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்களில் பூங்கா என்றால் மாலையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பும் இடம். அல்கோன்குவினோ 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மகா வனம். உள்ளே ஏரிகள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல். தென்பகுதியில் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு 60ஆம் நம்பர் நெடுஞ்சாலை குறுக்கே ஓடுகிறது. காரிலேயே போய் இறங்கக்கூடிய முகாம்களில் பெரும்பாலானவை அந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன. அதற்கு அப்பால் போக விரும்புகிறவர் நடந்துதான் போக வேண்டும், அல்லது கனோ என்னும் ஒடுங்கிய படகில் ஏரிக்கு ஏரி தாவிப் போக வேண்டும். அவ்விதம் வகுக்கப்பட்ட படகுவழிகள் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். இரண்டு ஏரிகளுக்கு இடையே நிலம் குறுக்கிட்டால் படகைத் தோளில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு நடப்பது அங்கே வழக்கம்.

இந்த வனத்தை 1893இல் பூங்காவாக ஸ்தாபித்தபோது நம்மைப் போன்ற உல்லாசப் பிரயாணிகள் யாருடைய ஞாபகத்திலும் பிரதானமாக இருந்ததாகத் தெரியவில்லை. இங்கே உற்பத்தியாகும் நதிகளின் ஊற்றுக்கண்களைக் காப்பதும், காட்டை அழித்துப் பயிரிட வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதும், வேட்டையால் அருகிவந்த பிராணிகளுக்கு அபயம் தருவதுமே உத்தேசம். மரவியாபாரிகளின் பைன் மரங்களுக்கும் அதனால் பாதுகாப்பு என்பதையும் மறைப்பதற்கில்லை. வியாபாரத்துக்காக மரம் வெட்டுவது இன்றளவும் அனுமதிக்கப்படும் ஒன்டாரியோ மாகாணப் பூங்கா இது ஒன்றுதான் என்பது, கரையில் உட்கார்ந்து ஆதிகால வனத்தைத் தரிசிப்பதாக எண்ணிக்கொள்கிறவர்களுக்குச் சற்று அதிர்ச்சியான செய்தியாக இருக்கலாம். மரவியாபாரி பூத் என்பவர் பூங்காவின் வழியே போட்ட ரயில் பாதை 1896இல் பூர்த்தியாயிற்று. அதன் ஒரு பகுதியில் இப்போது சைக்கிள் ஓடுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் இந்த நிலம் அல்கோன்குவின் ஜனங்களுடைய பாரம்பரிய பூமி. அதன்மீது அவர்களுக்குள்ள உரிமையைக் குறித்த பேச்சுவார்த்தையில் 2016இல்தான் ஒரு கொள்கையளவான உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆகவே நாம் போய் அனுபவிக்கும் அந்த ஏகாந்தம், சட்டமும் சச்சரவும் காவலும் சேர்ந்து வெகு காலமாகக் கட்டிக்காத்துவரும் ஒரு சொத்து என்பது என் அபிப்பிராயம். அதில் மூன்று இரவு வசிக்கப் போகிறவர் பல சின்னஞ்சிறு விதிகளுக்குத் தலைவணங்கித்தான் ஆகவேண்டும்.

முதல் விதி, இடம் பிடிப்பது. ஐந்து மாதத்துக்கு முன்னரே பதிவு தொடங்கிவிடுகிறது. விடுமுறை வாரக்கடைசியென்றால், காலை ஏழு மணிக்குப் பதிவு திறந்த மாத்திரத்தில் நல்ல இடங்கள் பறந்துவிடும்.

கூடாரம் அடிப்பதில் இருக்கும் சூட்சுமங்களை நண்பரின் மனைவி ஒரு சாஸ்திரமாகவே பயின்றிருக்கிறார். அந்தப் பிரதேசம் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறையின்மீது பனியாறுகள் விட்டுச்சென்ற மெல்லிய மண்படலத்தால் ஆனதாகையால், பல இடங்களில் முளைக்குச்சி நாலு விரற்கடை இறங்குமுன்பே கல்லில் முட்டி வளைந்துவிடுகிறது. அப்போது கயிற்றை மரத்திலோ பெரிய கல்லிலோ கட்டிச் சமாளிக்க வேண்டியதுதான். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால், மேலிருந்து வழியும் மழைநீரை வாங்கி, படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். புதிதாகக் கூடாரவாசம் செய்யும் தம்பதியர் விடியற்காலையில் துணியின் உட்புறமெல்லாம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருப்பதைக் கண்டு, கடைக்காரன் ஓட்டைக் கூடாரத்தை விற்று ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவது சகஜம். அந்த நீர் வானத்திலிருந்து வந்ததே இல்லை. இருவரும் இரவெல்லாம் விட்ட மூச்சிலுள்ள ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகியிருக்கிறது. குளிருக்குப் பயந்து காற்றுத்துவாரங்களை மூடாமல் சற்றே திறந்துவைத்தால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துபோகும். இரவுக் குளிருக்குக் கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறவர்களும் உண்டு. உடம்பின் சூட்டைத் தரைதான் அதிகமாக உறிஞ்சுகிறது. ஆதலால் போர்வைக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியைப் படுக்கைக்கு அடியில் போடும் நல்ல மெத்தைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது கரடி விஷயம். அங்கே உள்ள கறுங்கரடி மனிதனைத் தேடி வருவதில்லை. அவன் ஆகாரத்தின் வாசனையைத் தேடி வருகிறது. ஆதலால் குளிர்பெட்டி, அரிசி, மசாலாத்தூள், பாத்திரம் துடைத்த துணி, பற்பசை, சவர்க்காரம் உள்பட மணக்கும் பொருள் யாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கோத்துகூட இருக்கலாகாது. முந்தின நாளே மிளகாய்த்தூளும் தயிரும் பிரட்டி வைத்த கோழியைக் கரியடுப்பில் சுடுவது இந்தத் தம்பதியின் வழக்கம். சாப்பிட்டு முடிந்ததும் நண்பர் எலும்பைப் பொறுக்கியெடுத்துக் கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டியில் போட்டுவிட்டு வருவதற்குள், அவர் மனைவி அடுப்புத் தட்டைத் தேய்த்துக் கழுவி, கையை முகர்ந்து பார்ப்பார். மனிதர் போடும் சோற்றுக்குப் பழகிய கரடி பல சமயம் கடைசியில் சுடப்பட்டுச் சாகிறது என்பதால், இந்தச் சுத்தம் நம்முடைய க்ஷேமத்துக்கு மட்டுமானதென்று கொள்ள வேண்டாம்.

விறகையும் வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆசியாவிலிருந்து வந்து 2002இல் ஒன்டாரியோவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரகதப் பச்சை வண்டு, ஆஷ் என்னும் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து அந்த இனத்தையே நாசம் செய்துவருகிறது. தானாகப் பறந்து போகும் தூரத்தைவிட, ஜனங்கள் காரில் ஏற்றிச் செல்லும் விறகுக்கட்டுக்குள் ஒளிந்து அது போகும் தூரம் அதிகம். பூங்காவிலேயே விலைக்கு வாங்கி எரிப்பதுதான் முறை.

இனி படகுக்கு வருவோம். தம்பதியரின் மனப்பொருத்தத்தைச் சோதிக்க ஜாதகத்தைக் காட்டிலும் கனோ மேலானது என்று நண்பர் சொல்வதுண்டு. ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்து எதிரெதிர்ப் பக்கங்களில் துடுப்பு வலிக்க வேண்டும். படகின் திசையோ பின்னால் இருப்பவர் கையில். பின்னாலிருந்து ஒரு பக்கமாக வலித்தால் படகின் முகம் மறுபக்கம் திரும்புவது இயற்கையாதலால், ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பின் அலகைச் சற்றே முறுக்கி நீரை வெளிப்புறமாகத் தள்ளி அதைச் சரிக்கட்ட வேண்டும். இந்த வித்தை நண்பரின் மனைவிக்குக் கைவந்திருக்கிறது, நண்பருக்கு வரவில்லை. பாரம் கூடியவர் பின்னால் உட்காருவதே வழக்கமென்றாலும், அவர்கள் படகில் கனத்த நண்பர் முன்னால் உட்காருகிறார். முனை தாழாதிருக்கச் சாமான் மூட்டைகளைப் பின்னால் தள்ளிவைக்கிறார்கள். நண்பர் முன்னாலிருந்து திசையைத் திருத்த முயன்றால் உடனே பின்னாலிருந்து கட்டளை வரும்: “இஞ்சாருங்கோ, நீங்கள் சும்மா வலியுங்கோ. திருப்புறது என்ர வேலை.” ஆளுக்கொரு மிதவைச் சட்டை, நீர் இறைக்கப் பாத்திரம், ஒலியெழுப்ப ஊதல், 15 மீட்டர் மிதக்கும் கயிறு இவையெல்லாம் படகில் இருக்க வேண்டுமென்பது சட்டம். ஏரியை அலட்சியமாக எண்ணலாகாது. இந்தப் பூங்காவிலுள்ள கனோ ஏரியில் 1917 ஜூலை 8ஆம் தேதி தனியே படகிலேறிப் போன ஓவியர் டாம் தாம்ஸன் எட்டு நாளுக்குப் பின் பிணமாகவே மிதந்தார். இந்த வனத்தின் பைன் மரங்களையும் காற்றையும் தீட்டி அழியாப் புகழ்பெற்ற அந்த மனிதர் படகோட்டுவதில் கைதேர்ந்தவர். அவர் எப்படி இறந்தார் என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

நீர்மேல் கேட்கும் விசித்திரமான ஓலம் லூன் என்னும் பறவையுடையது. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இடம்பெற்றிருக்கும் அந்தப் பறவைக்கு, மற்றப் பறவைகளைப்போல் உள்ளீடற்ற எலும்புகள் இல்லாமல் பெரும்பாலும் கெட்டியான எலும்புகள் அமைந்திருப்பதால் நீரில் முழுகுவது சுலபம். கால்களோ உடலின் கடைக்கோடியில் இருப்பதால் தரையில் நடப்பது பெரும்பாடு. ஆகவேதான் அது நீரின் விளிம்பிலேயே கூடு கட்டுகிறது. வேகமாக வரும் மோட்டார் படகின் அலை அந்தக் கூட்டை அடித்துக்கொண்டு போய்விடும்.

தொழிலாளர் தின வாரத்தை இத்தம்பதி தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மே, ஜூன் மாதங்களில் ஓடும் நீரில் பிறந்து கூட்டங்கூட்டமாக மொய்க்கும் கறுப்பு ஈக்களின் கடி பொறுக்க முடியாதது. செப்டம்பரில் அவை இல்லை, நுளம்பும் குறைவு. ஏரியோ கோடை முழுவதும் வாங்கிய வெயிலை மேற்பரப்பில் இன்னும் வைத்திருக்கிறது. நீர் 4 பாகை சென்டிகிரேடில்தான் மிக அடர்த்தியாக இருப்பதால், குளிர்ந்த நீர் கீழேயும் வெதுவெதுப்பான நீர் மேலேயும் தனித்தனி அடுக்காக நின்றுவிடுகின்றன. நீந்துகிறவர் காலைச் சற்று ஆழத்தில் விட்டால் திடீரென்று ஐஸ் பட்டது போலத் துணுக்குறுவது இதனால்தான். இரவுக் காற்று குளிர, நீர் குளிராமலிருக்க, விடியலில் ஏரிமேல் மூடுபனி எழுகிறது. அதைப் பார்க்க எழுந்திருக்க வேண்டுமென்று நண்பர் ஒவ்வொரு இரவும் சபதம் செய்வார்.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். நெருப்பில் நீரூற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டு, சூடில்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே புறப்படுவது கடமை. காலையிலேயே கிளம்பாதவர்கள் டொராண்டோ போகும் சாலையில் கார்களின் பின்விளக்குகளை எண்ணிக்கொண்டே ஊர்வார்கள். வீடு வந்ததும் களைப்பில் ஈரக் கூடாரத்தைச் சுருட்டியபடியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும், நாளடைவில் துணியின் நீர்காக்கும் பூச்சும் உரியத் தொடங்கும். நண்பர் வீட்டில் அது மாடிப்படிக் கைப்பிடியில் இரண்டு நாள் தொங்குகிறது. அதுவரை மாடிக்கு ஏறுகிறவர்கள் குனிந்துதான் ஏற வேண்டும்.